தானே வளரும் பிள்ளை

முதல் தோசை ஒழுங்காக வராது. எனக்கும் தெரியும், கல்லுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்க்கும்போது இந்தத் தடவை வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. வரவில்லை. நடுவில் பிடித்துக்கொண்டு ஓரம் மட்டும் கிளம்பியது. சுரண்டித் தனித்தட்டில் போட்டேன், அது எனக்கு, இந்த வீட்டில் பிய்ந்த தோசைக்கு உரிமைக்காரி நான் ஒருத்திதான், யாரும் பங்குக்கு வரமாட்டார்கள். இரண்டாவது வட்டமாக வந்தது, அது குயிலிக்கு. கடைசியாக வந்தவருக்கு முதல் நல்ல தோசை என்பது அம்மா போட்ட சட்டம். வந்தவர் என்றால் சாப்பிட வந்தவர் இல்லை, இந்த வீட்டுக்கு வந்தவர். குயிலி நான்கு வருடம் முன்னால் வந்தாள், அதற்கு முன் முகில், அதற்கு முன் கதிர், அதற்கு முன் மதி, எல்லோருக்கும் முன்னால் அறிவன், அவன் இப்போது சென்னையில் விடுதியில் இருக்கிறான். ஐந்து பேரும் வந்தார்கள். நான் மட்டும் வரவில்லை, பிறந்தேன், அதனால் வரிசையில் எனக்கு இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் வைத்துவிட்டார்கள். மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு சுகந்தி மேடம் வருவார், தத்து கொடுக்கிற நிறுவனத்திலிருந்து வீடு பார்க்க வருகிறவர். ஆறு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஏழாவதாக ஒன்றைக் கொடுக்கலாமா என்று அடுப்படி, கழிவறை, படுக்கை எல்லாம் ஏற்கனவே பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் ஒரே ஒரு காகிதம். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு, அப்பாவுக்கு அறுபத்து மூன்று, மாரில் இரண்டு ஸ்டென்ட். நான் இதே வீட்டில்தான் இருப்பேன், பெற்றோருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வரப்போகிற பெண்ணை நானே வளர்ப்பேன் என்று எழுதிய காகிதம். அடியில் பூங்கோதை என்று என் பெயரைக்கூட அச்சடித்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. போடமாட்டேன் என்று சொல்லப்போகிறேன். மூன்று வாரமாக இது எனக்கும் இந்தக் கல்லுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மாவு கொஞ்சம் புளித்திருக்கிறது, வெயில் காலம், பொன்மலையில் வெயில் மலையிலிருந்து இறங்கி நேராக எங்கள் அடுப்படிக்குத்தான் வரும். மாடத்தில் பெருங்காய டப்பாவுக்கு அடியில் விரித்த தாளுக்கும் அடியில் ஓசூர்க் கடிதம் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் வந்து சேரவும் என்று. மருந்துக் கம்பெனி, பரிசோதனைக்கூடத்தில் வேலை, விடுதி அவர்களே தருகிறார்கள், ஒரு அறையில் இரண்டு பேர். இரண்டே பேர். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு இறங்குகிறது. நான்கு வருடம் முன்னால் கோயம்புத்தூரில் ஒரு வேலை வந்தது, அப்போது குயிலி வந்தாள், கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் பத்தொன்பது வயதில் முகிலுக்குப் போட்டேன். பதினெட்டு ஆனால் ஓட்டுப் போடலாம் என்பார்கள், நான் முதலில் போட்டது இந்தக் கையெழுத்து. இப்போது ஃபிரிட்ஜின் மேல் காந்தத்தை வைத்து ஒட்டியிருக்கிறாள் அம்மா, வரப்போகிற பெண்ணின் போட்டோவை. அஞ்சலை. ஒன்பது வயது. ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டை, அது தெரியக்கூடாது என்று யாரோ ஒரு செங்கல்லை அந்தக் காலுக்கு அடியில் வைத்து நிற்கவைத்திருக்கிறார்கள், செங்கல்லின் மூலை தெரிகிறது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். சிரிக்கச் சொல்லியிருப்பார்கள், சிரிக்கவில்லை. ஏற்கனவே ஒரு வீட்டுக்குப் போய் ஐந்து மாதத்தில் திரும்பி வந்தவள். அம்மா அதைச் சொன்னபோது அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன், யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கிறது என்றால் ஓடுகிற டாக்டருக்கு வருமே, அந்த வெளிச்சம். "திருப்பி விட்டுட்டாங்களாம்டி, கடைச் சாமான் மாதிரி," என்றாள். இந்த மூன்று வாரமும் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் நான் அந்தப் போட்டோவைப் பார்க்காமல்தான் திறந்தேன். பார்த்தால் செங்கல் தெரியும், செங்கல் தெரிந்தால் என் முடிவு ஆட்டம் காணும். உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை அஞ்சலை, நீ இங்கேயே வா, நன்றாக இரு, உனக்கு முதல் நல்ல தோசை கிடைக்கும், அதை ஊற்றுவது மட்டும் நானாக இருக்கவேண்டாம்.

கதிருக்கு மூன்று ஆயிற்று, இன்னும் தட்டை நீட்டுகிறான், பதினைந்து வயதில் வயிறு கிணறு. கல்லில் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று அடங்குகிறது. எனக்கும் இப்படி யாராவது தெளித்தால் தேவலை. எட்டாவது பிறந்தநாள் ஞாபகம் வருகிறது, எப்போதும் தோசை ஊற்றும்போதுதான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. அதுதான் நான் கொண்டாடிய கடைசிப் பிறந்தநாள். அறிவன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மூன்று வயதுக் குழந்தை, கேக்கில் விரலை விட்டு நக்கிக்கொண்டு எனக்கு எப்போ எனக்கு எப்போ என்று கேட்டான். பெரியப்பா சும்மா இருந்திருக்கலாம். "உனக்கு என்னைக்குன்னு யாருக்குடா தெரியும், உங்கம்மாவத் தேடிப் பிடிச்சுத்தான் கேக்கணும்," என்று சிரித்தார். அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அன்றோடு இந்த வீட்டில் பிறந்தநாள் என்ற ஒன்று இல்லாமல் போனது, யாருக்கும். அதற்குப் பதில் வந்தநாள். அறிவன் வந்தநாளுக்குச் சேமியாப் பாயசம், மதி வந்தநாளுக்குப் பாயசம், வருடத்தில் ஐந்து பாயசம், ஐந்து புதுத்துணி, வந்த கதையை அம்மா ஆரம்பத்திலிருந்து சொல்வாள், மழை பெய்தது, ஆட்டோ கிடைக்கவில்லை, நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டாய், அப்பா அழுதார். பத்து வயதில் ஒருநாள் கேட்டேன், என் வந்தநாள் எப்போது என்று. அம்மா துவரம் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "நீதான் எப்பவும் இங்கயே இருக்கியே கோதை, உனக்கு எதுக்கு நாளு," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். கொடுமை அதுதான், அன்பாகச் சொன்னாள். எனக்கும் ஒரு வந்த வழி உண்டு, அவள் புடவை மாற்றும்போது பார்த்திருக்கிறேன், அடிவயிற்றில் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு, இரண்டு நாள் வலி எடுத்துக் கடைசியில் அறுத்து எடுத்தார்களாம், அதைக்கூட அத்தை சொல்லித்தான் தெரியும். அந்தக் கதையை அவள் வாயால் ஒரு தடவை சொல்லியிருந்தால் எனக்குப் பாயசம் வேண்டியிருந்திருக்காது.

சொல்லமாட்டாள். சொல்லக்கூடாத வார்த்தைகள் நான்கு இந்த வீட்டில்: தத்து, எடுத்த, சொந்த, பெத்த. மற்ற வீடுகளில் கெட்ட வார்த்தைக்கு வாயில் மிளகாய் தேய்ப்பார்கள், எங்கள் வீட்டில் இவைதான் கெட்ட வார்த்தை. எனக்கு ஒன்பது வயதில் அறிவன் என் ஜியோமெட்ரி பாக்ஸை உடைத்தான், அதுவும் கல்லால். நான் கத்தினேன், போடா, எங்கம்மா என்னைத்தான் பெத்தாங்க, உன்னை இல்ல. வாசல் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால் வலித்து ஆறியிருக்கும். அடிக்கவில்லை. பதினோரு நாள் பேசவில்லை. தலை பின்னிவிட்டாள், டிபன் கட்டிக் கொடுத்தாள், பேசவில்லை. ஒன்பதாம் நாள் நான் காய்ச்சல் வந்த மாதிரி படுத்துக்கொண்டேன், நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். அதற்குப் பிறகுதான் சுண்டுவிரலை மடித்துவைக்கப் பழகினேன். எனக்கும் அம்மாவுக்கும் சுண்டுவிரல் நுனி உள்பக்கமாகக் கோணியிருக்கும், இரண்டு கையிலும், ஒரே கோணல். அது வெளியே தெரிவதுகூட அந்த வார்த்தையைச் சொல்வதுபோலத்தான் என்று ஒன்பது வயதில் நினைத்தேன். இப்போதும் தோசைத் திருப்பியைப் பிடிக்கும்போது நான்கு விரல்தான் பிடிக்கிறது, ஐந்தாவது உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்கிறது, பாருங்கள். பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார், எனக்குப் பதினான்கு அப்போது, நாங்கள் நான்கு பேர். போட்டோ எடுத்தார். இதில் நீங்கள் பெற்றது யார் மேடம் என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்விதான் உயிர். "அத மட்டும் சொல்லமாட்டோம் சார். நாலும் எங்க பிள்ளைங்க." அவர் எங்கள் முகங்களைத் தராசில் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து மதியைக் காட்டினார், அவள்தான் சிவப்பு. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், எல்லாரும் அப்படித்தான் சார் நினைக்கிறாங்க என்றாள். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன், சுண்டுவிரலை மடித்தபடி. ஒரு கண் ஜாடை போதும், இவர் ஏமாந்துவிட்டார் பார் என்று என் பக்கம் ஒரு பார்வை, அதை வைத்துக்கொண்டு நான் பத்து வருடம் ஓட்டியிருப்பேன். அவள் மதியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முகிலுக்கு முறுகல் வேண்டும், முறுகவிட்டால் ஓரம் கருகுகிறது, சிம்மில் வைத்தால் மெத்தென்று வருகிறது, இந்த அடுப்புக்கு நடுவழியே தெரியாது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று வருகிறவர்கள் எல்லாம் அம்மாவிடம் சொல்வார்கள், பாராட்டுகிறார்களாம். அம்மாவுக்கு ஊரார் பிள்ளை என்ற இடத்தில் முகம் சுருங்கும். எனக்கு அடுத்த பாதியில் சுருங்கும். தானே வளரும். சரிதான், வளர்ந்தேன், தானே சடை பின்னக் கற்றுக்கொண்டேன், தானே வயதுக்கு வந்து தானே துணி துவைத்தேன், அந்த வாரம் கதிருக்கு மஞ்சள்காமாலை. பழமொழி பொய் சொல்லாது. மதி உள்ளே வந்தாள், பதினேழு வயது, சட்னிக் கிண்ணத்தில் விரல் விட்டு நக்கினாள். "அக்கா, இன்னைக்குக் கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன், என் குரல் சோற்றில் கல் மாதிரி எனக்கே நெருடியது. "சும்மாதான். நீ போட்டுடுவ. நீ எப்பவும் போட்டுடுவ." சொல்லிவிட்டு அடுத்த விரலையும் விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, பெருங்காய டப்பாவைத் தொடக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போனது. இவள் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை, ஒரு வயதில் வந்தவள், என் இடுப்பில்தான் வளர்ந்தாள், என் இடுப்பு ஒரு பக்கம் தூக்கினாற்போல் இருப்பதே அதனால்தான். குயிலி தூங்கும்போது காலைத் தூக்கி என் வயிற்றின் மேல் போட்டால்தான் தூங்குவாள். ஓசூரில் என் வயிற்றின் மேல் எதுவும் இருக்காது. அது சுகமா என்று யோசித்துப் பார்த்தால் சுகம்தான் என்று ஒரு குரல், பாவி என்று இன்னொரு குரல், இரண்டும் என் குரல்தான். எனக்கு இவர்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். நாற்பது வயதில் இந்தக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, பின்னால் தாங்கித் தாங்கி நடக்கிற ஒரு காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய்விடும்.

அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார், "மூத்தது மோழையே, எனக்கு ஒரு தோசை, எண்ணெய் இல்லாம." மூத்தது மோழை இளையது காளை, அவருக்கு இந்தக் கிண்டல் இருபது வருடமாக அலுக்கவில்லை. ரயில்வே பட்டறையில் அதிகாரிகளுக்கு வணக்கம் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கும் அதே வணக்கம் பழகிவிட்டது அவருக்கு. அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள், நீலத்தில் சின்னக் கட்டம், மேடம் வருகிறார் அல்லவா. "எத்தனை மாவு இருக்கு?" என்றாள். இன்னும் ஐந்தாறு வரும் என்றேன். "மேடத்துக்கு ரெண்டு ஊத்திடு, போன தடவை நல்லா சாப்பிட்டாங்க." என் முதுகில் கை வைத்தாள். சூடான கை. இந்த இடத்தில் சொல்லிவிட்டால் என்ன, அம்மா, எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, நான் போகிறேன், மேடம் முன்னால் உன்னை வெட்கப்பட வைக்கவேண்டாம் பார், இப்போதே சொல்கிறேன். அதற்குள் அம்மாவே பேசினாள். "உன்னை நம்பித்தான் கோதை இதெல்லாம். நீ இல்லன்னா என்னால ஒண்ணைக்கூட வளத்து ஆளாக்கியிருக்க முடியாது." கண் கலங்கியிருந்தாள். தோசை கருகுகிறது என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் மேலிருந்த போட்டோ சாய்ந்திருந்ததை நேராக வைத்துவிட்டுப் போனாள்.

மேடம் பத்து ஐந்துக்கு வந்தார். தோசை வேண்டாம் என்று சொல்லி ஒன்றே ஒன்று சாப்பிட்டார். கூடத்தில் எல்லோரும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், தலை வாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, எங்களுக்கு இது பழகிய நாடகம். நான் கை துடைத்துக்கொண்டு போய் நின்றேன். மேடம் பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார், ரொம்ப நல்ல பெண்மணி, கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். "படிச்சீங்களா பூங்கோதை? சம்மதம்தானே?" எத்தனை தடவை கல்லிடம் ஒத்திகை பார்த்தேன், நீளமாக, காரணங்களோடு. வந்தது ஒரே வார்த்தை. "இல்லைங்க மேடம்."  அம்மா இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. "எனக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும். நீங்க அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. என்னை எழுதாதீங்க." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அம்மா, "கோதை, மேடம் முன்னாடி என்ன விளையாட்டு," என்றாள். விளையாட்டு இல்லை என்றேன். "ஏற்கனவே ஒரு வீட்ல திருப்பி விட்ட பிள்ளைடி. இப்ப வர்றதுக்கு முன்னாடியே நீ திருப்புறியா?" நான் திருப்பவில்லை என்றேன், போடமாட்டேன் என்றுதான் சொல்கிறேன் என்றேன், அது ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும். அம்மாவின் முகம் அப்படி மாறி நான் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த முகம் கழன்று விழுந்து, அடியிலிருந்து வேறு ஒருத்தி எழுந்து வந்தாள். "இந்த அஞ்சுல ஒண்ணு இப்படி என் மூஞ்சில அடிச்சிருக்குமா? பெத்த வயித்துல பெரண்டையத்தான் அள்ளி வச்சுக் கட்டிக்கணும் நான்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், இன்னொரு கை தானாக அடிவயிற்றுக்குப் போயிருந்தது, புடவைக்கு மேலே, அந்தத் தழும்பு இருக்கிற இடத்துக்கு. கதிரும் முகிலும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மதி தரையைப் பார்த்தாள். குயிலி, "எந்த வயிறும்மா?" என்று கேட்டாள், மதி அவள் தொடையைக் கிள்ளினாள். மேடம் பையின் ஜிப்பை மூடித் திறந்தார். பதினேழு வருடமாக எங்களில் யாரும் வாயால் எடுக்காத வார்த்தை, எல்லோர் முன்னாலும், மூன்றாம் மனுஷி முன்னாலும், என்னைப் பார்த்து. திட்டுத்தான். தெருவில் பெண்கள் ஓடிப்போன மகனுக்கும் குடித்துவிட்டு விழுந்த மகனுக்கும் சொல்கிற திட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம், எட்டு வயதில் கேக் முன்னால் நின்றபோதுகூட இல்லாத சந்தோஷம். ஓசூர் எங்கேயோ போய்விட்டது. இதற்குத்தானா இத்தனை நாள், இந்த ஒன்றுக்குத்தானா என்று எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வாய் கேட்டுவிட்டது, "பேனாவக் குடுங்க மேடம்." அவர் என்னையே பார்த்தார். "அவசரப்பட வேண்டாம்மா. யோசிச்சு அடுத்த வாரம்கூட..." யோசித்துவிட்டேன் என்றேன். டீப்பாயில் காகிதத்தை வைத்துக் குனிந்து போட்டேன், சுண்டுவிரலை மடிக்காமல். கோணல் விரல் காகிதத்தின் மேல் நன்றாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கையெழுத்தைத்தான் பார்த்தார்கள். நாலு வார்த்தை திட்டினால்தான் வழிக்கு வருகிறது என்று அம்மா நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

மேடம் போன பிறகு அடுப்படியில் நின்றேன். பிய்ந்த தோசை ஆறி விறைத்துக் கிடந்தது, பிட்டு வாயில் போட்டேன், மாவில் உப்பு குறைவு, இவ்வளவு நேரம் யாரும் சொல்லவில்லை. அம்மா வந்து பின்னால் நின்றாள். அவள் வந்ததும் தெரிந்தது, பேச வார்த்தை தேடுவதும் தெரிந்தது, பதினோரு நாள் ஆகும் என்று நினைத்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கோதை, ஏதோ கோவத்துல வாய் தவறி அந்த வார்த்தை வந்துடுச்சு. பிள்ளைங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன். இனிமே சத்தியமா சொல்லமாட்டேன். நீயும் மனசுல வச்சுக்காத." எனக்கென்று அவள் கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் திருப்பிக் கேட்கிறாள். சரிம்மா என்றேன்.